படைப்பட்டியல் தகராறு: அறிகுறியைக் கண்டு தீர்க்கும் வழிமுறை

தலவாக்கலையில் நாங்கள் கூடும் மண்டபத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை இருக்கிறது. ஒன்பது அடி நீளமும் ஐந்து அடி அகலமும் கொண்ட அந்த மேசையை நடுவில் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் 60 அங்குலத்துக்கு 54 அங்குலம் வரும். சிறு போர்வீரப் பொம்மைகளை வைத்து ஆடும் வோர்ஹமர் 40,000 என்ற மேசைப் போர் ஆட்டத்தில், ஆளுக்கு 2,000 புள்ளி பெறுமதியான படைகளுக்கு ஆகக் குறைந்தது 60 அங்குலத்துக்கு 44 அங்குலம் போதும் என்பதால், ஒரே மேசையில் இரண்டு ஆட்டங்கள் நடக்கும். ஓரத்தில் விதிநூலும் கொப்பியும் வைக்க இடமும் மிஞ்சும். இடம் தாராளமாக இருந்தும் நேரம் எங்களுக்கு இறுக்கமானது. ஹட்டனில் இருந்தும் நானுஓயாவில் இருந்தும் வருகிறவர்கள் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும். 2,000 புள்ளி ஆட்டம் ஒன்று மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. தம் படையில் என்னென்ன இருக்கின்றன, எத்தனை புள்ளி என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொண்டுவரும் பட்டியல் சரியா பிழையா என்ற வாக்குவாதத்தில் முக்கால் மணித்தியாலம் போனால், அந்த ஆட்டம் ஐந்தாம் சுற்றைக் காணாமலே பெட்டிக்குள் போய்விடும்.

அப்படிப் பல ஞாயிறுகளையும் சில போயா தினங்களையும் இழந்த பிறகு, எந்தத் தகராறு எந்த இடத்தில் இருந்து கிளம்புகிறது என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதத் தொடங்கினேன். கீழே வருவது அந்தக் கொப்பியின் ஒழுங்குபடுத்திய வடிவம். 2023 இல் வந்த பத்தாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டே எழுதுகிறேன். ஒவ்வோர் அறிகுறிக்கும் காரணங்களைச் செலவு குறைந்ததில் இருந்து கூடியது வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். முதலில் செலவாவது நிமிடங்கள், கடைசியில் செலவாவது பணம்.

தொடங்குமுன் மேசையில் மூன்று இருக்க வேண்டும்: உங்கள் படையின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் (சேர்ந்தே இயங்கும் மொடல் கூட்டத்துக்கும்) உரிய ஆயுதங்களையும் விதிகளையும் சொல்லும் டேட்டாஷீட்கள், புள்ளி விலைகள் உள்ள முனிட்டோரம் ஃபீல்ட் மனுவல், அடிப்படை விதிகளுக்குப் பின்னர் வந்த திருத்தங்களும் விளக்கங்களும். கடைசி இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. தோட்டப் பக்கங்களில் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் இவற்றை வீட்டிலேயே தரவிறக்கி, கோப்பின் பெயரிலேயே திகதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரே பெயருடன் நான்கு வெவ்வேறு காலத்துப் பிடிஎஃப் கோப்புகள் சுற்றிக்கொண்டிருந்தன. தகராறுகளில் பெரும்பங்கு அந்த நான்கு கோப்புகளுக்கு இடையில் நடந்ததே தவிர, மனிதர்களுக்கு இடையில் நடக்கவில்லை.

அறிகுறி 1: ஒரே பட்டியல், இரண்டு கூட்டுத்தொகை

நீங்கள் கூட்டினால் 1,990 வருகிறது, எதிரே இருப்பவர் கூட்டினால் 2,035 வருகிறது. இதில் விதியைக் குறை சொல்வதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள்.

இருவரிடமும் இருக்கும் ஃபீல்ட் மனுவலின் திகதி ஒன்றா? வேறு என்றால் புதியதை வைத்துக் கூட்டுங்கள்; வேலை முடிந்தது. ஒவ்வொரு படைக்கும் தனியாக வரும் கோடெக்ஸ் என்ற விதிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சான புள்ளிகளை நம்பிக் கூட்டியவர்களுக்கும் இதே பதில்தான். காசு கொடுத்து வாங்கிய புத்தகம் இலவசக் கோப்பிடம் தோற்பது கசப்பாக இருக்கும். ஆனாலும் புள்ளிகளைப் பொறுத்தவரை அண்மையில் வெளியான ஃபீல்ட் மனுவலே செல்லும்.

திகதி ஒன்றாகவே இருந்தால், யூனிட்டின் ஆள்தொகையைப் பாருங்கள். பத்தாம் பதிப்பில் பெரும்பாலான யூனிட்களுக்கு ஐவருக்கு ஒரு விலை, பதின்மருக்கு ஒரு விலை என்று கட்டம் கட்டமாகவே புள்ளி தரப்பட்டிருக்கிறது. ஐவருக்கு மேல் ஒருவரைச் சேர்த்தாலும் பதின்மரின் விலையை முழுதாகச் செலுத்த வேண்டும். எட்டுப் பேருக்கு எட்டுப் பங்கு என்று வகுத்துக் கணக்குப் பார்ப்பது முந்திய பதிப்புகளில் ஆடிய கைப்பழக்கம். அதே பழக்கத்தில் சிலர் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனிப் புள்ளி சேர்ப்பதும் உண்டு. இந்தப் பதிப்பில் ஆயுத விலை பெரும்பாலும் யூனிட்டின் விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

அதுவும் சரியாக இருந்தால், என்ஹான்ஸ்மன்ட் (தலைவர் ஒருவருக்குப் புள்ளி கொடுத்து வாங்கும் கூடுதல் திறன்) விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் விலை யூனிட்டின் பக்கத்தில் இராது. அந்தந்த டிடாச்மன்டின் (படைக்கு நீங்கள் தெரிவுசெய்யும் விதித் தொகுப்பின்) கீழ் தனியாக இருக்கும். பத்து முதல் முப்பது புள்ளிகள் வரை காணாமல் போகும் கணக்குகளில் முதலில் இதைத்தான் நான் தேடுவேன்.

கடைசியாக, பட்டியலை எந்த அப்பில் கட்டினீர்கள் என்று கேளுங்கள். பற்றில்ஸ்கிரைப், நியூ ரெக்ரூட் போன்றவற்றின் தரவுகளைத் தொண்டர்களே ஏற்றுகிறார்கள். அவர்களுடைய உழைப்புக்கு நான் கடமைப்பட்டவன். ஆயினும் அந்தத் தரவு விதியின் பிரதியே தவிர விதி ஆகாது. அப் சிவப்புக் கோடு காட்டவில்லை என்பதை ஆதாரமாக யாராவது சொன்னால், காகிதத்தில் அந்த வரியைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள்.

அறிகுறி 2: யூனிட்டுக்குள் எத்தனை ஆயுதம் என்பதில் இழுபறி

எங்கள் கொப்பியில் அதிக பக்கங்களைப் பிடித்தது இதுதான். காரணம் பெரும்பாலும் விதியின் குழப்பம் கூட இல்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு வரியை நாம் மேசையருகில் வாயால் தமிழாக்கும்போது உண்டாகும் குழப்பம். அந்த வாய்த்தமிழில் சிக்கும் சொற்களைக் கிளை கிளையாகப் பிரித்துத் தருகிறேன்.

‘ஒவ்வொரு ஐந்து பேருக்கும் ஒருவர்’ என்ற வரி இடித்தால்

ஹட்டனில் கடையொன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர், பழையதாக வாங்கிய எட்டு இன்டர்செசர் வீரர்களை, மழையில் நனையாதபடி பிஸ்கட் டின்னுக்குள் பஞ்சு வைத்து அடுக்கிக் கொண்டுவந்தார். எட்டில் இருவரின் துப்பாக்கிக்குக் கீழே கிரனேட் லோஞ்சர் ஒட்டப்பட்டிருந்தது. “அண்ணே, ஒவ்வொரு அஞ்சு பேருக்கும் ஒன்னுன்னா, முதல் அஞ்சுக்கு ஒன்னு, மிச்ச மூனுக்கு இன்னொன்னு தானே?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. ‘ஐந்து பேருக்கு ஒரு கூடாரம்’ என்று பள்ளிச் சுற்றுலாவில் சொன்னால், மிஞ்சிய மூவரை யாரும் பனியில் படுக்க விடமாட்டார்கள். இன்னொரு கூடாரம் போடுவார்கள். நம் பேச்சுவழக்கில் அந்தத் தொடர் மிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளும். டேட்டாஷீட்டில் அது சேர்த்துக்கொள்ளாது. முழுமையான ஐந்து சேர்ந்தால்தான் ஒன்று. ஐந்து முதல் ஒன்பது வரை ஒரு லோஞ்சர், பத்தில் இரண்டு.

சோதிக்கும் வழி எளிது. யூனிட்டின் மொடல்களை மேசையில் ஐந்தைந்தாகக் குவியுங்கள். நிறையாத குவியலுக்கு ஒன்றும் இல்லை. அந்தத் தம்பியின் யூனிட்டில் இரண்டு பிழைகள் சேர்ந்திருந்தன: விலையை எட்டுப் பேருக்கு வகுத்திருந்தார், லோஞ்சரைப் பத்துப் பேருக்கு எடுத்திருந்தார். பதின்மரின் விலையை எப்படியும் செலுத்த வேண்டும் என்பதால், இன்னும் இருவரைச் சேர்த்தால் இரண்டாவது லோஞ்சரும் சட்டப்படி வந்துவிடும் என்று காட்டினோம். அன்றைக்கு மண்டபத்தில் இருந்த ஒருவர் தம் பெட்டியில் இருந்து வர்ணம் தீட்டாத இருவரை இரவல் கொடுத்தார்.

‘மாற்றலாம்’ என்றா, ‘கூடுதலாக ஏந்தலாம்’ என்றா?

நாம் இரண்டையும் ‘மாத்தலாம்’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆங்கில வரியில் ‘ரிப்ளேஸ்ட்’ என்ற சொல் இருந்தால் பழைய ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்க வேண்டும். ‘ஈக்விப்ட்’ என்ற சொல் இருந்தால் பழையதும் கையில் இருக்கும். மேலே சொன்ன கிரனேட் லோஞ்சர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது: போல்ட் ரைஃபிள் வைத்திருப்பவர் அதை வைத்துக்கொண்டே லோஞ்சரையும் பெறுகிறார். எங்கள் குழு இரண்டு மாதங்களுக்கு மேல் அவருடைய ரைஃபிளைப் பறித்துக்கொண்டே ஆடியது. ஒருவருக்கும் அநியாயம் செய்யும் எண்ணம் இல்லை. ஒரு வினைச்சொல்லை எல்லோரும் ஒரே மாதிரி தவறாகச் சொல்லிப் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

‘உம்’ விகுதி மறைத்த நிபந்தனை

‘வாளும் கைத்துப்பாக்கியும் மாற்றலாம்’ என்று தமிழில் சொன்னால், இரண்டையும் சேர்த்தா, இரண்டில் எதை வேண்டுமானாலுமா என்பது கேட்பவரின் விருப்பத்துக்கு விடப்படுகிறது. டேட்டாஷீட்டில் இரண்டு ஆயுதங்களும் ‘அன்ட்’ என்ற சொல்லால் இணைந்து ஒரே வரியில் வந்தால், இரண்டையும் ஒருங்கே கொடுத்தால்தான் மாற்று கிடைக்கும். மாற்றுப் பட்டியலிலும் சில வரிகளில் இரண்டு ஆயுதங்கள் சோடியாக இருக்கும். அந்தச் சோடியை உடைத்து ஒன்றை மட்டும் எடுக்க முடியாது.

‘எல்லோரும்’, ‘எத்தனை பேரும்’

‘எனி நம்பர்’ என்று தொடங்கும் வரி, எத்தனை பேர் வேண்டுமானாலும் தனித்தனியே மாறலாம் என்பது. ‘ஒல் மொடல்ஸ்’ என்று தொடங்கும் வரி, மாறினால் யூனிட் முழுதும் மாற வேண்டும், இல்லையேல் ஒருவரும் மாறக்கூடாது என்பது. தமிழில் சொல்லும்போது ‘எல்லாரும் மாத்தலாம்’ என்ற ஒரே வாக்கியம் இரண்டுக்கும் பொருந்திவிடுவதால், இந்த வரியை மட்டும் ஆங்கிலத்திலேயே உரக்க வாசிப்பது எங்கள் வழக்கம். வரியின் ஓரத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பக்கத்தின் அடியையும் வாசிக்க மறக்காதீர்கள். ஒரே ஆயுதத்தை இருமுறை எடுக்கக்கூடாது போன்ற தடைகள் அங்கேதான் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் வரி இரண்டு விதமாகவே தெரிந்தால், ஆட்டம் தெரியாத, ஆனால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் அந்த வாக்கியத்தை மட்டும் காட்டுங்கள். எங்களுக்கு அப்படி ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எந்தப் படை வலுவானது என்பது அவருக்குத் தெரியாது; அவர் பார்ப்பது காற்புள்ளி எங்கே இருக்கிறது, அடைமொழி எந்தப் பெயரைத் தழுவுகிறது என்பதை மட்டும். வெற்றியில் பங்கில்லாத கண்ணுக்கு இரண்டு பொருளில் ஒன்று உடனே உதிர்ந்துவிடுகிறது. அவரும் இரண்டு பொருளும் நிற்கும் என்று சொன்னால் மட்டும் அறிகுறி 7 க்குச் செல்லுங்கள்.

அறிகுறி 3: ‘இந்த யூனிட்டை எத்தனை தடவை எடுக்கலாம்?’

இது சுருக்கமான விடயம். ஒரே டேட்டாஷீட்டை மூன்று தடவை வரை எடுக்கலாம். அதில் பற்றில்லைன் என்றோ டெடிகேட்டட் டிரான்ஸ்போர்ட் (யூனிட்களை ஏற்றிச் செல்லும் வாகனம்) என்றோ கீவேர்ட், அதாவது வகையைக் காட்டும் குறிச்சொல், இருந்தால் ஆறு தடவை வரை எடுக்கலாம். எபிக் ஹீரோ (தனிப்பெயர் கொண்ட நாயகர்) ஒருவர் ஒரு தடவைதான். எண்ணும்போது மொடலின் தோற்றத்தையோ பெட்டியின் பெயரையோ பார்க்காமல், டேட்டாஷீட்டின் தலைப்பை மட்டும் பாருங்கள். பெயரில் ஒரு சொல் வேறுபட்டாலும் அது வேறு டேட்டாஷீட். மூன்று என்ற எல்லை 2018 இல் போட்டிகளுக்கான ஆலோசனையாகத்தான் முதலில் வந்தது. அதனால் அந்தக் காலத்தில் ஆடத் தொடங்கிய அண்ணன்மார் சிலர் அதை இன்னும் விருப்பத்துக்குரியதாகவே நினைக்கிறார்கள். பத்தாம் பதிப்பில் அது படை திரட்டும் விதியின் பகுதி.

டிரான்ஸ்போர்ட் எண்ணிக்கை சரியாக இருந்தும் தகராறு என்றால்

ஆறு எடுக்க அனுமதி இருப்பதும், ஆறையும் களத்தில் வைக்க முடிவதும் வேறு வேறு. டெடிகேட்டட் டிரான்ஸ்போர்ட் ஒவ்வொன்றும் ஒரு யூனிட்டையாவது ஏற்றிக்கொண்டே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். வெறுமையாக வந்தால் அதைக் களத்தில் இறக்க முடியாது; முதல் சுற்றிலேயே அழிந்ததாகக் கணக்கு. வெற்று வாகனங்களை மதில்போல நிறுத்தலாம் என்று நம்பி நான் மூன்று ரைனோ வாகனங்களை வாங்கினேன். படை திரட்டும் பக்கத்தை மட்டும் வாசித்திருந்தேன். டிரான்ஸ்போர்ட் பற்றிய பக்கத்தை வாசிக்கவில்லை. ஆகவே வாகனம் வாங்குமுன் ஏறப்போகும் யூனிட்டின் பெயரைப் பட்டியலில் அதன் பக்கத்தில் எழுதுங்கள். எழுத யூனிட் இல்லையென்றால் அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம்.

அறிகுறி 4: தலைவர் யாரோடு சேர்வது என்பதில் சிக்கல்

முதலில், கெரக்டரின் (தனித்து நிற்கும் தலைவர் வகை மொடலின்) டேட்டாஷீட்டில் லீடர் என்ற திறன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் தனியாகத்தான் நடப்பார். இருந்தால், அவர் சேரக்கூடிய யூனிட்களின் பெயர்கள் அங்கேயே வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் இல்லாத யூனிட்டோடு, பொருத்தம் எவ்வளவு இருந்தாலும், சேர முடியாது.

ஒரே யூனிட்டில் இரண்டு தலைவர்கள் என்று வந்தால், இருவரில் ஒருவருடைய டேட்டாஷீட்டிலாவது அதற்கான வெளிப்படையான அனுமதி வேண்டும். லெப்டினன்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஒரு கப்டன் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் யூனிட்டிலும் தாம் சேரலாம் என்று அவருடைய பக்கம் சொல்கிறது. கப்டனின் பக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லையே என்று எங்கள் மேசையில் ஒருமுறை மறுப்பு எழுந்தது. கப்டன் முதலில் சேர்ந்து லெப்டினன்ட் பின்னர் சேர்வதாக வைத்தால் கப்டனுக்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை. அவர் சேரும்போது அங்கே வேறு தலைவர் இல்லை. ஒரு பக்கத்து அனுமதி போதும் என்று கொப்பியில் எழுதிக்கொண்டோம்.

யார் யாரோடு என்பதைப் பட்டியலில் கட்டாயம் எழுத வேண்டும் என்று நினைத்துச் சண்டை வந்தால், அதற்கு இடமே இல்லை. சேர்க்கையை அறிவிப்பது ஆட்டத்தின் தொடக்கத்தில், படைகளைக் களத்தில் இறக்குமுன். பட்டியலில் நிலையாக இருக்க வேண்டியது என்ஹான்ஸ்மன்ட்: மொத்தம் மூன்றுக்கு மேல் கூடாது, ஒன்றை இருவர் எடுக்கக்கூடாது, ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் கூடாது, எபிக் ஹீரோவுக்கு எதுவும் கூடாது. இந்த நான்கையும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

அறிகுறி 5: வேற்றுப்படை யூனிட் செல்லுமா?

படையின் எல்லா யூனிட்களிலும் ஒரே ஃபக்ஷன் கீவேர்ட் (எந்தத் தரப்பு என்று காட்டும் குறிச்சொல்) இருக்க வேண்டும் என்பதே பொதுவிதி. டேட்டாஷீட்டின் அடியில் ஃபக்ஷன் கீவேர்ட் என்ற தனிப் பகுதியைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் சாதாரணக் கீவேர்ட் வரிசையில் ‘இம்பீரியம்’ என்று இருப்பது மட்டும் போதாது. விதிவிலக்குகள் எப்போதும் விருந்தாளியின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். இம்பீரியல் நைட்ஸ் என்ற பேரியந்திரங்கள் வருவது அப்படித்தான்: இம்பீரியம் படைக்குள் டைட்டனிக் என்ற பெரிய வகையில் ஒன்று, அல்லது ஆர்மிஜர் என்ற சிறிய வகையில் மூன்று வரை வரலாம். அவர்களில் ஒருவரைப் படைத்தலைவராக்கவோ, அவர்களுக்கு என்ஹான்ஸ்மன்ட் கொடுக்கவோ முடியாது. இங்கே ‘அல்லது’ என்பது ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்ற ‘அல்லது’. பெரியது ஒன்றும் சிறியது ஒன்றும் என்று கலக்க வழியில்லை.

ஸ்பேஸ் மரீன் ஆடுகிறவர்களுக்கு ஒரு கிளைச் சோதனை: ஒன்றுக்கு மேற்பட்ட சப்டர்களின் (ஸ்பேஸ் மரீன்களின் உட்பிரிவுகளின்) யூனிட்கள் ஒரே படையில் கூடாது. இதில் தீர்மானிப்பது டேட்டாஷீட்டில் அச்சான சப்டர் பெயர். மொடலில் தீட்டிய வர்ணம் இதற்குச் சாட்சி ஆகாது.

அறிகுறி 6: பட்டியலில் ஒன்று, மொடலின் கையில் வேறொன்று

இங்கிருந்து பணம் செலவாகத் தொடங்குகிறது. ஆகவே மெதுவாக நடங்கள்.

நட்பு ஆட்டத்தில், எதிராளி தொடக்கத்திலேயே ஒத்துக்கொண்டால், ‘இந்த யூனிட்டில் தெரியும் ஈட்டி எல்லாம் வாளாகக் கருதப்படும்’ என்ற ஓர் அறிவிப்பு போதும். ஒரே யூனிட்டுக்குள் ஒரே வகை ஆயுதம் இரண்டு பொருளைக் குறிக்கக்கூடாது என்பது மட்டும் எங்கள் நிபந்தனை. மூன்றாம் சுற்றில் ஒருவருடைய ஞாபகம் மற்றவருடைய ஞாபகத்தோடு மோதினால் யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

போட்டிக்குப் போவதென்றால் மொடலில் தெரிவதே பட்டியலில் இருக்க வேண்டும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. முதலில் பட்டியலை மொடலுக்கு ஏற்ப மாற்றிப் பாருங்கள். ஆயுதத்துக்குத் தனிப் புள்ளி பெரும்பாலும் இல்லாததால் கூட்டுத்தொகை அசையாமலே பொருந்திவிடும். அது சரிவராவிட்டால் கையை வெட்டி மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் பசை இரண்டு பாகங்களையும் உருக்கி ஒன்றாக்குவதால் கத்தி தேவைப்படும். சுப்பர் குளூ என்றால் கவனமாகத் திருகினால் பெரும்பாலும் விட்டுவிடும். புதிதாக ஒட்டுவதானால், வெளியே தூறலும் பனியும் இருக்கும் நாளில் சுப்பர் குளூவைத் தவிருங்கள். ஈரக்காற்றில் அது மொடலின் மேல் வெண்படலமாகப் பூத்துவிடும். நுவரெலியாவில் இருந்து வரும் நண்பர் ஒருவரின் கறுப்புப் படை முழுதும் சாம்பல் பூசியது போல ஆனது. சிறு காந்தங்களைத் தோளில் பதித்துக் கைகளை மாற்றக்கூடியதாகச் செய்வது பொறுமை தேவைப்படும் வேலை. என்றாலும் ஒரே மொடல் மூன்று விதத்தில் பயன்படும்.

மொடல் பழையது, அதன் டேட்டாஷீட் பழைய மொடல்களுக்கான லெஜன்ட்ஸ் பகுதிக்குப் போய்விட்டது என்றால், நண்பர்களோடு தாராளமாக ஆடுங்கள். போட்டிகளுக்கு அவை பரிந்துரைக்கப்படுவதில்லை. புதியதொரு பெட்டியை வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதற்கு முன், அந்தப் போட்டியின் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். கேட்பதற்குச் செலவில்லை.

அறிகுறி 7: எல்லாம் பார்த்தும் இரண்டு வாசிப்பும் நிற்கின்றன

உண்மையான தெளிவின்மை இங்கேதான் தொடங்குகிறது. நூறு தகராறுகளோடு மேசைக்கு வந்தால் சிலவே இந்தப் படியை எட்டும். எட்டியவற்றை இந்த ஒழுங்கில் எடுங்கள்.

முதலில், அந்த வாக்கியத்தை அதற்கு முந்திய வாக்கியத்தோடும் பிந்திய வாக்கியத்தோடும் ஆங்கிலத்திலேயே கையால் பிரதி எடுங்கள். தொலைபேசித் திரையில் வெட்டி எடுத்த படம் நமக்கு வேண்டிய பாதியை மட்டும் காட்டும்; கையால் எழுதும்போது மற்றப் பாதியும் கண்ணில் படும். இந்தப் படியிலேயே விடை கிடைத்த சந்தர்ப்பங்கள் எங்களுக்குப் பல.

அடுத்து, ஒவ்வொரு வாசிப்பையும் ஏற்றுக்கொண்டதாக வைத்து, வாக்கியத்தில் எந்தச் சொல்லாவது வேலையற்றுப் போகிறதா என்று பாருங்கள். ‘இந்த யூனிட்டில் உள்ள ஒருவர்’ என்று எழுதியிருக்கும்போது, நம் வாசிப்பில் ‘இந்த யூனிட்டில் உள்ள’ என்ற பகுதியை நீக்கினாலும் பொருள் மாறவில்லை என்றால், அந்த வாசிப்பை நான் சந்தேகிப்பேன். எழுதியவர் ஒரு காரணத்துக்காகவே அந்தச் சொற்களைப் போட்டிருப்பார்.

பிறகு, இதே வாக்கிய அமைப்பு வேறொரு படையின் டேட்டாஷீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே அதன் பொருள் தகராறில்லாமல் வழங்கினால் இங்கும் அதையே எடுங்கள். வேறு ஆட்டங்களின் வழக்கத்தை மட்டும் சான்றாகக் கொண்டுவர வேண்டாம். எங்கள் குழுவில் சிலர் 2024 இல் வந்த ஓல்ட் வேர்ல்ட் ஆட்டத்தையும் ஆடுகிறார்கள். அதில் படை வீதாசாரப்படி கட்டப்படுகிறது: 2,000 புள்ளியில் கோர் எனும் அடிப்படைப் பகுதிக்குக் குறைந்தது 500 செலவிட வேண்டும், கெரக்டர்களுக்கு 1,000 வரைதான் போகலாம். அந்தக் கணக்கோடு பழகிய மனம் இந்த ஆட்டத்திலும் இல்லாத வீதாசாரத்தைத் தேடும்.

இவை எதிலும் தீராவிட்டால், பட்டியலின் சொந்தக்காரருக்குக் குறைவாகத் தரும் வாசிப்பே அன்றைய தினத்துக்குச் செல்லும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். இதற்கு நான் காணும் நியாயம் இதுதான்: பட்டியலைக் கட்டியவருக்கு வீட்டில் யோசிக்க ஒரு வாரம் இருந்தது, எதிராளிக்கு அந்த வரி இப்போதுதான் தெரியும். ஒரு விதிவிலக்கும் உண்டு. குறைவாகத் தரும் வாசிப்பு ஒருவரை அன்று ஆடவே முடியாமல் ஆக்கினால், அதிலும் குறிப்பாகப் புதிதாக வந்த பிள்ளை ஒருவரை, அவர் கொண்டுவந்த படியே ஆடட்டும். தீர்ப்பைக் கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த முறைக்குத் திருத்திக்கொள்ளலாம். இன்னும் பட்டியல் கட்டத் தடுமாறுகிறவர்களைச் சில வாரங்களுக்குக் கொம்பட் பற்றோல் வடிவத்தில் ஆட விடுவதும் நல்லது; அதில் படை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருப்பதால் புள்ளிக் கணக்கே இல்லை.

தாயக்கட்டையை உருட்டித் தீர்ப்பது பற்றிக் கேட்பார்கள். ஆட்டத்தின் நடுவில், களத்தில் நடந்த ஒரு நிகழ்வுக்கு அது ஏற்றது. அந்தக் கணம் திரும்ப வராது. பட்டியல் அடுத்த ஞாயிறும் வரும். இந்த வாரம் நான்கு விழுந்ததால் செல்லும், அடுத்த வாரம் இரண்டு விழுந்ததால் செல்லாது என்றால், சம்பளத்தில் மிச்சம் பிடித்து யூனிட் வாங்குகிற ஒருவர் எதை நம்பி வாங்குவார்?

கொப்பியில் எழுதும்போது திகதி, எந்த ஆவணம், அதன் திகதி, பிரதி எடுத்த வாக்கியம், எடுத்த முடிவு ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். அந்த ஆவணம் மாறும் வரை முடிவு மாறாது. மாறிய அன்றே முடிவுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு மீண்டும் வாசியுங்கள்.

எப்போது வெளியாரை அழைப்பது

மூன்று சந்தர்ப்பங்களில் குழுவின் முடிவை நம்பி நிற்கக்கூடாது: போட்டிக்குப் பட்டியல் அனுப்பப் போகும்போது, அந்த முடிவை நம்பி யாராவது பணம் செலவிடப் போகும்போது, ஒரே வரி மூன்றாவது தடவையாகத் தகராறாகும்போது. போட்டி என்றால் அதன் ஏற்பாட்டாளர் அல்லது தலைமை நடுவரின் சொல்லே முடிவு. எங்கள் கொப்பி அங்கே செல்லாது. ஒருமுறை கொப்பியை நம்பிக் கொழும்புக்குப் போய், காலை எட்டு மணிக்கு ஒரு யூனிட்டை நீக்கிவிட்டு 1,800 புள்ளிகளோடு நாள் முழுதும் ஆடினேன். நடுவர் சரியாகவே சொன்னார். நான்தான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

வெளியீட்டாளருக்கும் கேள்வியை எழுதி அனுப்பலாம். ஆனால் தனிப்பட்ட பதிலை எதிர்பார்க்க வேண்டாம். பொதுவாக விடை அடுத்த திருத்த ஆவணத்தில் எல்லோருக்குமாகவே வரும்.

நடுவருக்கு எழுதும் மடல் சிறியதாக இருக்கட்டும். வாக்கியத்தை முழுதாகத் தாருங்கள், ஆவணத்தின் பெயரையும் திகதியையும் தாருங்கள், இரண்டு வாசிப்பையும் ஒவ்வொரு வரியில் எழுதுங்கள், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். எந்த வாசிப்பு உங்களுக்குச் சாதகம் என்று அதில் எழுத வேண்டாம். பட்டியல் ஒப்படைக்கும் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். பதில் வந்ததும் அதை அச்சிட்டு, கேள்வி எழுதிய பக்கத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒட்டி, போட்டிக்குப் போகும் நாளில் கொப்பியையும் பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள்.